பெட்டி கேஸ் எங்கே தீர்கிறது?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடையிலிருந்து 99 டாலர் சட்டையைப் பணம் கொடுக்காமல் எடுத்துச் சென்று பிடிபட்டால், சட்டப்படி அதிகபட்சத் தண்டனை 500 டாலர் அபராதம். சிறை கிடையாது. விலைச்சீட்டில் 100 டாலர் என்று இருந்திருந்தால் கதை வேறு. 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 750 டாலரை எட்டினால் ஓராண்டு வரை சிறை. 2,500ஐ எட்டிவிட்டால் அது சிறு குற்றம் என்ற வகையிலேயே சேராது. 'ஸ்டேட் ஜெயில்' என்னும் மாநிலச் சிறையில் 180 நாளிலிருந்து 2 ஆண்டு வரை இருக்க நேரும். இவையும் 2015இல் சட்டமன்றம் உயர்த்திய வரம்புகள்தான். அதற்கு முன்பு 50 டாலர் பொருளுக்கே சிறைக் கதவு திறந்தது.

சட்டப் புத்தகத்தைப் படிப்பவருக்கு, சிறு திருட்டு வழக்கின் தலைவிதி பொருளின் விலையில் இருக்கிறது என்றே தோன்றும். ஹூஸ்டன் நகரம் அமைந்திருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியின் அனுபவம் வேறு மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர் வாழும் இந்தக் கவுன்ட்டி, மக்கள்தொகையில் அமெரிக்காவிலேயே மூன்றாவது பெரியது. பிடிபட்ட ஆள் அன்றிரவு வீட்டுக்குப் போனாரா, லாக்கப்பிலேயே கிடந்தாரா என்பதுதான் அங்கே பல ஆண்டுகள் இத்தகைய வழக்குகளின் முடிவைத் தீர்மானித்தது. நீதிபதி வழக்கைக் கையில் எடுப்பதற்குள் பாதித் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்.

நடைமுறையைக் கொஞ்சம் பார்ப்போம். கடையின் பாதுகாப்பு ஊழியர் ஒருவரைப் பிடித்து நிறுத்துகிறார். நியாயமான சந்தேகம் இருந்தால், நியாயமான நேரத்துக்கு நிறுத்திவைக்கக் கடைக்காரருக்குச் சட்டமே அனுமதி தருகிறது. போலீஸ் வருகிறது. ஆனால், ஹாரிஸ் கவுன்ட்டியில் போலீஸ்காரர் தாமாகவே வழக்குப் போட்டுவிட முடியாது. மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இரவும் பகலும் இயங்கும் 'இன்டேக்' பிரிவுக்குப் போன் போட்டு விவரம் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருக்கும் இளம் அரசு வக்கீல் சரி என்றால்தான் வழக்கு. நம் ஊரில் எஃப்ஐஆர் போடுவதும் போடாததும் காவல் நிலையத்தில் முடிந்துவிடுகிற சங்கதி என்பதால், இந்த ஏற்பாடு நமக்குப் புதிதாகத் தோன்றலாம். நல்ல ஏற்பாடுதான். இந்த மேசையைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

100 டாலருக்குக் குறைவான வழக்குகள் மாநகராட்சி நீதிமன்றத்துக்கோ 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' எனப்படும் சிறு நீதிமன்றத்துக்கோ போகும். 100 முதல் 2,500 டாலருக்குள் இருப்பவை, சிறு குற்றங்களை மட்டுமே விசாரிக்கும் 16 கவுன்ட்டி குற்றவியல் நீதிமன்றங்களுக்கு வந்துசேரும். அவற்றின் நீதிபதிகள், கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்கள். இந்தத் தகவலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜாமீன். 2017 வரை இங்கே நடந்ததை அமெரிக்க நீதிபதிகளே நம்ப முடியாமல் பதிவுசெய்திருக்கிறார்கள். கைதானவரைச் சிறைக்குள்ளேயே ஓர் அறையில் நிறுத்துவார்கள். எதிரே வீடியோ திரை. அதில் ஒரு விசாரணை அதிகாரி. பக்கத்தில் வக்கீல் யாரும் கிடையாது. குற்றத்தின் வகைக்கும் பழைய வழக்குகளுக்கும் ஏற்ப முன்பே அச்சடித்து வைத்த பட்டியலிலிருந்து ஜாமீன் தொகை வாசிக்கப்படும். முதல்முறை சிக்கியவருக்கு 500 டாலர், முன்பே வழக்கு இருந்தால் ஆயிரக்கணக்கில். உங்களால் கட்ட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஓரிரு நிமிடங்களில் அடுத்த ஆள்.

500 டாலர் கட்ட முடியாதவர் ஜாமீன் தரகரிடம் போகலாம். வழக்கமாகத் தொகையில் 10 சதவீதம் அவருக்குக் கட்டணம். குற்றமற்றவர் என்று பிறகு தீர்ப்பே வந்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அதற்கும் வழியில்லாதவர் உள்ளேயே இருப்பார். சில நாள் கழித்து நீதிமன்றத்துக்கு அழைத்து வருவார்கள். அங்கே, அன்றுதான் முகம் பார்த்த, அரசு செலவில் அமர்த்தப்பட்ட வக்கீல் ஒரு பேரத்தைச் சொல்வார். குற்றத்தை ஒப்புக்கொண்டால், ஏற்கெனவே இருந்த நாள்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு இன்றோ நாளையோ விட்டுவிடுவார்கள். நான் செய்யவில்லை, வழக்கை நடத்துகிறேன் என்றால், வாய்தா போடுவார்கள், அதுவரை சிறைதான்.

வேலை போய்விடும், வாடகை கட்ட வேண்டும், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறோம் என்ற நிலையில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நிரபராதிக்கும் இதே கணக்குதான். நான் குற்றவாளி என்று ஒரு கையெழுத்துப் போட்டால் கதவு திறக்கும் என்றால், நம்மில் பெரும்பாலோர் போட்டுவிடுவோம்.

இது ஊகமல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீட்டன், சாண்ட்ரா மேசன், மேகன் ஸ்டீவன்சன் ஆகிய மூவரும் 2008 முதல் 2013 வரை ஹாரிஸ் கவுன்ட்டியில் பதிவான 3,80,000க்கும் மேற்பட்ட சிறு குற்ற வழக்குகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லா வகையிலும் ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒப்பிட்டபோது, ஜாமீனில் போனவர்களைவிட உள்ளே இருந்தவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகமாக இருந்தது. சிறைத் தண்டனை பெறும் வாய்ப்பு 43 சதவீதம் அதிகம். தண்டனையின் நீளம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொரு கண்டுபிடிப்பு, சட்டம் ஒழுங்கு பேசுபவர்களுக்கும் உறைக்க வேண்டியது. உள்ளே வைக்கப்பட்டவர்கள்மீது அடுத்த 18 மாதங்களில் பெருங்குற்ற வழக்குகள் 30 சதவீதமும் சிறு குற்ற வழக்குகள் 20 சதவீதமும் அதிகமாகப் பதிவாயின. சில நாள் சிறை ஒருவரைத் திருத்தவில்லை. அவரிடம் இருந்த வேலையையும் வீட்டையும் பறித்து, திரும்பவும் அங்கேயே அனுப்பியது.

2016 மே மாதம் இந்த முறையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. நீதிபதி லீ ரோசென்தால் 2017 ஏப்ரல் 28 அன்று 193 பக்கத் தீர்ப்பு எழுதினார். அவர் இடதுசாரிப் போராளி அல்ல. மூத்த புஷ் நியமித்தவர். சிறு குற்றத்துக்காகக் கைதானவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் வழக்கு முடியும்வரை உள்ளேயே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும், கட்டப் பணமில்லை என்பதே அதற்குக் காரணம் என்பதும் அவரது தீர்ப்பில் ஆவணமாகியிருக்கின்றன. பணமில்லாதவரால் எட்ட முடியாத ஜாமீன் தொகை, ஜாமீன் மறுப்பதற்கே சமம் என்றார். கவுன்ட்டி மேல்முறையீடு செய்தது. 2018 பிப்ரவரியில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் சில திருத்தங்களோடு அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய ஈடித் பிரவுன் கிளமென்ட், இளைய புஷ் நியமித்த பழமைவாதி. அவர் காட்டிய உதாரணம் இது. ஒரே குற்றச்சாட்டு, ஒரே பின்னணி, ஒரே சூழ்நிலை. எல்லாவற்றிலும் ஒத்த இருவர், ஆனால் ஒருவரிடம் பணம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. பணமில்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்வார், தண்டனை பெறுவார், அதன் சமூகச் சுமைகளையும் சுமப்பார். பணம் இருப்பவர் இவை எதையும் சந்திக்காமல் போய்விடக்கூடும் என்று அவர் விளக்கினார்.

இவ்வளவுக்குப் பிறகும் கவுன்ட்டி நிர்வாகமும் பெரும்பாலான நீதிபதிகளும் பல மில்லியன் டாலர் வரிப்பணத்தை வக்கீல்களுக்குக் கொடுத்துச் சண்டையைத் தொடர்ந்தார்கள். சிறையை நடத்தும் ஷெரிஃப் எட் கான்சாலஸோ வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் நின்றார். முடிவைக் கொண்டுவந்தது வேறொன்று. 2018 நவம்பர் தேர்தலில் அந்தச் சிறு குற்ற நீதிமன்றங்களில் இருந்த குடியரசுக் கட்சி நீதிபதிகள் எல்லோரும் தோற்றுப்போனார்கள். டெக்சஸில் அப்போது ஒரே பட்டனை அழுத்தி ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்க முடிந்தது. அந்த வசதி இருந்த கடைசிப் பெரிய தேர்தல்களில் அது ஒன்று. ஜாமீன் என்றால் என்னவென்றே யோசிக்காமல் பட்டனை அழுத்திய லட்சக்கணக்கானோர், ஒரு கவுன்ட்டியின் ஜாமீன் முறையையே மாற்றிவிட்டார்கள். மக்களாட்சி இப்படியும் வேலை செய்யும்.

புதிய நீதிபதிகள் 2019 தொடக்கத்திலேயே விதியை மாற்றினார்கள். குடும்ப வன்முறை, ஏற்கெனவே ஜாமீனில் இருக்கும்போது மீண்டும் சிக்குவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டி மறுபடி மாட்டுவது போன்ற விதிவிலக்குகள் தவிர, மற்றச் சிறு குற்றங்களுக்குப் பணம் கட்டாமல் சொந்தப் பிணையில் வீட்டுக்குப் போகலாம் என்றானது. 2019 நவம்பரில் இது நீதிமன்ற மேற்பார்வையுடன் கூடிய சமரச ஒப்பந்தமாக உறுதியானது. டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிரான்டன் காரெட் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அவரது குழுவின் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்தால் இரண்டு போக்குகள் தெளிவாகத் தெரியும். தண்டனையில் முடியும் சிறு குற்ற வழக்குகளின் பங்கு சரிந்தது, தள்ளுபடியாகும் வழக்குகளின் பங்கு ஏறியது. அதேசமயம், விடப்பட்டவர்கள் மீண்டும் கைதாகும் விகிதம் எகிறிவிடவில்லை.

திருட்டு குறைந்ததால் தள்ளுபடி கூடவில்லை. சாட்சியங்களின் தரமும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: குற்றம்சாட்டப்பட்டவரால் காத்திருக்க முடிந்தது. வீட்டிலிருந்தபடி வேலைக்குப் போய்க்கொண்டு வாய்தாவுக்கு வந்துபோகும் ஒருவரிடம், கையெழுத்துப் போட்டால் இன்றே விட்டுவிடுகிறேன் என்று யாரும் பேரம் பேச முடியாது. அவர் காத்திருந்தால் அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபித்தாக வேண்டும். அப்போதுதான் கடையின் ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார், கேமரா பதிவு அழிந்துவிட்டது, சட்டையின் விலை 100ஆ 80ஆ என்பதற்கு ரசீது இல்லை என்பதெல்லாம் வெளியே வருகிறது. முன்பு இந்த ஓட்டைகள் இல்லாமல் இல்லை. அவற்றைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதற்காக, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஃபிராங்க்ளின் தெருவில் இருக்கும் 20 மாடி குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தை 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளம் செயலிழக்கச் செய்தது. ஒரே அறையை இரண்டு நீதிமன்றங்கள் பங்குபோட வேண்டிய நிலை. அதற்குப் பின் கொரோனா. வழக்குகள் தேங்கின. 'ரீசெட்' என்று அங்கே சொல்லும் வாய்தா நம் ஊர் வாய்தாவுக்கு ஒன்றும் சளைத்ததல்ல. காலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வண்டி நிறுத்தக் காசு கொடுத்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த தேதி எழுதிய தாளோடு திரும்ப வேண்டும். மணிக்கணக்குச் சம்பளக்காரருக்கு இதுவே அபராதம். சிறு குற்ற நீதிமன்றங்களில் வழக்கு நடைமுறையே தண்டனையாகிவிடுகிறது என்று மால்கம் ஃபீலி கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நீதிமன்றத்தைப் பார்த்து 1979இல் எழுதிய புத்தகம், ஹூஸ்டனுக்கும் பொருந்தும்.

அந்த வாய்தாக்களுக்கு நடுவே நடப்பதுதான் உண்மையான தீர்வு. முதல்முறை சிக்கியவர் என்றால், வக்கீலும் அரசு வக்கீலும் தாழ்வாரத்தில் பேசி முடிக்கிறார்கள். திருட்டுத் தடுப்பு வகுப்பு ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழ் கொண்டுவா, சில மணி நேரம் சமூகசேவை செய், பொருளுக்கு ஈடு கட்டு, அந்தக் கடைப் பக்கம் போகாதே, வழக்கை எடுத்துவிடுகிறோம். இதே நேரத்தில் கடையின் சார்பில் ஏதோ ஒரு சட்ட நிறுவனத்திடமிருந்து வீட்டுக்குக் கடிதம் வரும். திருட்டுக்கு உரிமையியல் இழப்பீடு கேட்கும் மாநிலச் சட்டப்படி, நஷ்டத்துக்கு மேல் 1,000 டாலர் வரை கோரலாம். பயந்துபோய் அதைக் கட்டுபவர்கள், வழக்கு அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். குற்ற வழக்கு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

பழைய தண்டனை உள்ளவருக்குக் கதையே வேறு. முன்பு இரண்டு திருட்டுத் தண்டனைகள் இருந்தால், மூன்றாவது முறை எடுத்தது பல் துலக்கும் பிரஷ்ஷாக இருந்தாலும் அது மாநிலச் சிறைக்குரிய பெருங்குற்றம். சட்டத்தின் 12.44 என்ற பிரிவைப் பிடித்துக்கொண்டு, அதைச் சிறு குற்றத் தண்டனைக்கு இறக்கப் பேரம் நடக்கும். ஹூஸ்டன் வக்கீல்கள் அந்த எண்ணை ஒரு பெயர்ச்சொல்லைப் போலவே பேசுகிறார்கள். ஜாமீன் முடக்கத்தால் அவசரத்தில் ஒப்புக்கொண்ட அந்தப் பழைய இரண்டு தண்டனைகளின் வட்டி, பல ஆண்டு கழித்து இங்கே வசூலாகிறது. 2019க்கு முந்தைய அநியாயம் முடிந்த கதை இல்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

கடைக்காரர்களின் கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார், பிடித்துக் கொடுத்தால் மறுநாள் வெளியே நிற்கிறார் என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. சின்ன மளிகைக்கடை நடத்தும் வியட்நாமியருக்கோ குஜராத்திக்கோ 200 டாலர் என்பது ஒரு நாள் லாபம். ஆனால், பெரிய சங்கிலிக் கடைகளின் சார்பில் வரும் புள்ளிவிவரங்களை எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். 2021இல் அமெரிக்கச் சில்லறைக் கடைகளுக்கு ஏற்பட்ட சரக்கிழப்பான 94.5 பில்லியன் டாலரில் கிட்டத்தட்டப் பாதிக்குத் திருட்டுக் கும்பல்களே காரணம் என்று தேசியச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. 2023 டிசம்பரில் அதைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் அந்தக் கணக்கு நாடெங்கும் சுற்றி வந்திருந்தது.

கடைக்காரருக்கு வேண்டியது என்ன? பொருளோ பணமோ திரும்ப வர வேண்டும், அந்த ஆள் மறுபடி வரக்கூடாது. நீதிமன்றம் இரண்டையும் மெதுவாகத்தான் தருகிறது. பாஸ்டன் நகரம் அமைந்த சஃபோக் கவுன்ட்டியில் அமாண்டா ஏகன், ஜெனிஃபர் டோலியாக், ஆனா ஹார்வி மூவரும் செய்து 2023இல் வெளியான ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. வழக்குப் போடலாமா வேண்டாமா என்ற விளிம்பில் இருந்த, வன்முறையற்ற சிறு குற்றங்களில் வழக்கே போடாமல் விடப்பட்டவர்கள், அடுத்த 2 ஆண்டுகளில் மீண்டும் குற்ற வழக்கில் சிக்கும் வாய்ப்பு 53 சதவீதம் குறைந்தது. முதல்முறை சிக்கியவர்களிடம்தான் இந்த விளைவு அதிகம் தெரிந்தது.

இனி, ஹூஸ்டனுக்கு மென்பொருள் வேலைக்கும் எண்ணெய் நிறுவன வேலைக்கும் படிப்பதற்கும் போகும் நம்மவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி.

டெக்சஸில் 'டெஃபர்டு அட்ஜூடிகேஷன்' என்றொரு வழி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் அல்லது மறுக்காமல் விடுகிறார். நீதிபதி குற்றவாளி என்று அறிவிக்காமல் நிறுத்திவைக்கிறார். சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி. மாநிலச் சட்டப்படி அது தண்டனை அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், 1996இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில், ஒப்புக்கொண்டு ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டாலே அது தண்டனைதான். மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து வாழ்த்தி அனுப்பிய ஆளை, குடியேற்ற நீதிமன்றம் தண்டனை பெற்றவராகவே பார்க்கும்.

அதோடு, திருட்டு என்பது ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வருகிறது. அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 ஆண்டுக்குள் செய்த அப்படிப்பட்ட ஒரு குற்றத்துக்கு, ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தால் நாடு கடத்தலாம். எத்தனை நாள் தண்டனை கொடுத்தார்கள் என்பதல்ல, எத்தனை நாள் கொடுத்திருக்க முடியும் என்பதே அளவுகோல். இப்போது முதல் பத்தியின் விலைப்பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 700 டாலர் பொருளுக்கு அதிகபட்சம் 180 நாள்; அந்த ஒரு குற்றத்தோடு தப்பிக்கலாம். 800 டாலர் பொருளுக்கு அதிகபட்சம் ஓராண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவரே மாட்டிக்கொள்வார். கலிஃபோர்னியா 2015இலும் நியூயார்க் 2019இலும் சிறு குற்றங்களின் உச்சத் தண்டனையை 365 நாளிலிருந்து 364ஆகக் குறைத்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். டெக்சஸ் குறைக்கவில்லை, குறைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

குடியேற்ற விளைவுகளைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால், அது ஒப்புக்கொள்வதற்கு முந்தைய கட்டத்தைத்தான் காக்கும். 2025 ஜனவரி 29 அன்று கையெழுத்தான லேக்கன் ரைலி சட்டம் அதற்கும் முன்னால் போய் நின்றுவிட்டது. அனுமதியின்றி நுழைந்தவர்களோ உரிய ஆவணம் இல்லாதவர்களோ, கடைத்திருட்டு உட்படத் திருட்டு எதிலும் கைதானாலே, குற்றச்சாட்டு வந்தாலே, குடியேற்றத் துறை அவர்களைக் கட்டாயமாகக் காவலில் வைக்க வேண்டும். தண்டனை தேவையில்லை. தள்ளுபடி ஆகுமா என்று காத்திருக்கவும் தேவையில்லை. விசாவில் இருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். என்றாலும், விசாவை ரத்து செய்யத் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்க அரசுக்கு இல்லை. இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 ஜூலையில் திருட்டு, அடிதடி, வீடு புகுதல் போன்றவற்றில் சிக்கினால் விசா போகும், எதிர்காலத்திலும் கிடைக்காமல் போகலாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது.

ஆக, ஹூஸ்டனில் பல ஆண்டு போராடிச் சரிசெய்தது ஜாமீன் என்ற ஒரு கட்டத்தை. அந்தக் கட்டம் சரியானதும், முடிவைத் தீர்மானிக்கும் புள்ளி இன்னும் முன்னால் நகர்ந்து, கைது, வழக்குப் பதிவு என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நீதிமன்றத்தில் எத்தனை கருணையான தீர்வு கிடைத்தாலும் பதிவு அப்படியே இருக்கிறது. பதிவை மறைக்கத் தனி நடைமுறை, அழிக்கத் தனி நடைமுறை, காத்திருப்பும் கட்டணமும். டெஃபர்டு முறையில் முடிந்த இந்த வழக்குகளை மறைக்கலாமே தவிர அழிக்க முடியாது. மறைத்தாலும் நர்சிங் போன்ற தொழில் உரிமம் வழங்கும் வாரியங்கள் பார்க்கும்.

அதனால்தான் அந்த இன்டேக் மேசைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இதற்கு ஹாரிஸ் கவுன்ட்டியிலேயே முன்மாதிரி உண்டு. 2017 மார்ச்சில் அப்போதைய அரசு வழக்கறிஞர் கிம் ஆக், 4 அவுன்ஸுக்குக் குறைவான கஞ்சா வைத்திருந்து பிடிபடுபவர்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். போலீஸ் கஞ்சாவைப் பறிமுதல் செய்யும். இன்டேக் பிரிவுக்குப் போன் போடும். ஆள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். 90 நாளுக்குள் 150 டாலர் கட்டி 4 மணி நேர வகுப்பை முடித்தால் வழக்கே பதிவாகாது. கைதும் கிடையாது. இன்று 100 முதல் 750 டாலர் வரை என்றுள்ள திருட்டு வகைக்குக் கைது செய்யாமல் தேதி குறித்துச் சீட்டுக் கொடுத்து அனுப்பலாம் என்று 2007இலேயே டெக்சஸ் சட்டமன்றம் போலீஸுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஹூஸ்டன் மேயராக இருந்த சில்வெஸ்டர் டர்னர் 2020 செப்டம்பரில் அதை நகரப் போலீஸுக்கு உத்தரவாகவே போட்டார். சீட்டு கைதைத் தவிர்க்கும். வழக்குப் பதிவைத் தவிர்க்காது. இரண்டையும் இணைப்பதுதான் மிச்சம். முதல்முறை சிக்கியவர், 750 டாலருக்குக் குறைவு, பொருள் திரும்பியது அல்லது 90 நாளில் பணம் கட்டப்படும், அந்தக் கடைக்குள் இனி நுழைவதில்லை என்று கையெழுத்து, வழக்கு இல்லை. இன்று வாய்தா வாய்தாவாக அலைந்து தாழ்வாரத்தில் முடிவாகும் அதே நிபந்தனைகள்தான். வழக்குக்குப் பிறகு என்பதை முன்பு என்று மாற்றுகிறோம், அவ்வளவே. கடைக்காரருக்கும் பணம் சீக்கிரம் வரும்.

கஞ்சாவில் பாதிக்கப்பட்டவர் யாருமில்லை, திருட்டில் உண்டு என்ற மறுப்பு நியாயமானது. ஈடு கட்டுவதை நிபந்தனையாக வைப்பது அதற்காகத்தான். கட்டாதவர்மீது வழக்கு அப்படியே காத்திருக்கும். அரசியல் மறுப்பு இன்னொன்று. டாலஸ் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞர் ஜான் க்ருசோ, வயிற்றுப்பாட்டுக்காக 750 டாலருக்குக் குறைவாகத் திருடியவர்கள்மீது வழக்குப் போடமாட்டேன் என்று 2019இல் அறிவித்து, மாநிலமெங்கும் வசைவாங்கி, பின்னர் அதைக் கைவிட்டார். ஒரு வகைக் குற்றத்துக்கு வழக்கே போடுவதில்லை என்று கொள்கை வைக்கும் அரசு வழக்கறிஞர்களைப் பதவியிலிருந்து நீக்க வழிசெய்யும் சட்டத்தை 2023இல் டெக்சஸ் இயற்றியும்விட்டது. ஆனால், நான் சொல்வது வழக்குப் போடாமல் விடுவது அல்ல. நிபந்தனையோடு திசைதிருப்பும் திட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலும் இடம் விட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற ஹாரிஸ் கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் ஷான் டியர், முதல்முறைச் சிறு திருட்டு எல்லாவற்றுக்கும் இதைப் பொதுவிதியாக்க ஆஸ்டினில் உள்ள சட்டமன்றத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் போனை எடுக்கும் தன் அலுவலக இளம் வக்கீல், போலீஸ்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் என்னென்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.